இரவல் நகை

புது மண்டபத்துக்கு என்ன வயது இருக்கும், சொல்லுங்கள் பார்க்கலாம்.

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திலிருந்து வெளியே வந்தால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறதே, அந்த மண்டபத்தைத்தான் கேட்கிறேன். ஏறக்குறைய 400 வருஷம். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், வசந்த விழாவின்போது மீனாட்சியும் சொக்கரும் வந்து வீற்றிருப்பதற்காகக் கட்டியது. 120-க்கும் மேற்பட்ட கல் தூண்கள். சில தூண்களில் நாயக்க மன்னர்களே கும்பிட்ட கையோடு சிலையாக நிற்கிறார்கள். கட்டிய காலத்தில் அது புதுசு. அதனால் ஊர் ஜனங்கள் 'புது மண்டபம்' என்று கூப்பிட்டார்கள். இத்தனை தலைமுறை போன பிறகும் மதுரைக்காரர்களுக்கு அது புதுசுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த பெயர் இது. இன்றைக்கு நாம் பழசு என்று கைகூப்புகிற எல்லாமே, ஒருநாள் பளபளவென்று புதுசாக, யாரோ ஒரு பெரியவர் 'இவ்வளவு செலவு எதுக்கப்பா?' என்று முணுமுணுக்கும்படி நின்றிருக்கும் என்பதை அந்தப் பெயர் ஞாபகப்படுத்துகிறது.

ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய மதுரைக்காரரிடம் புது மண்டபம் என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு நாயக்கர் ஞாபகம் வராது. தையல் மிஷின் சத்தம்தான் ஞாபகம் வரும். உள்ளே வரிசையாகத் தையல்காரர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் போடுகிறவர்களுக்கான உடுப்பு, சாமிக்குப் பட்டுப் பாவாடை, தேருக்குத் தொம்பை, ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு பாரதியார் கோட்டு, எல்லாம் அங்கேதான். தைத்தவர்களில் முஸ்லிம் தையல்காரர்களும் உண்டு. அழகர் பக்தருக்கு அளவெடுத்தது ஒரு பாய் என்பதில் மதுரையில் யாருக்கும் ஆச்சரியம் இருந்ததில்லை. பக்கத்திலேயே பித்தளைப் பாத்திரம், வளையல், பஞ்சாங்கம், பழைய பாடப் புத்தகம். 'இங்கிட்டு இல்லேன்னா உலகத்துலயே இல்லைண்ணே' என்பார்கள். முக்கால்வாசி உண்மைதான்.

இன்றைக்கு அந்தக் கடைகள் அங்கே இல்லை. காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவு, கோயிலின் கிழக்கு வாசலை ஒட்டிய வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த கடைகள் எரிந்தன. சூட்டில் கல் வெடித்து, மேற்கூரை இடிந்து விழுந்தது. கருங்கல்லுக்குத் தீ ஒன்றும் செய்யாது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது பொய் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்கான கல்லைத் தேடிப் பிடித்து, ராசிபுரம் பக்கத்திலிருந்து கொண்டுவந்து, செதுக்கி நிறுத்தும் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. கோயிலுக்குள் கடையே கூடாது என்று ஆனது. அடுத்த சில வருஷங்களில் புது மண்டபத்துக் கடைக்காரர்களும், கூப்பிடு தூரத்தில் மாநகராட்சி கட்டிக்கொடுத்த குன்னத்தூர் சத்திரத்துக்கு மூட்டை கட்டினார்கள்.

என்ன சார், கடையைக் காலி பண்ணியதற்குக்கூட ஒரு தத்துவமா என்று கேட்காதீர்கள். இதற்குள்ளே ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது. ஒரு பழைய கட்டடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லும்போது எதைக் காப்பாற்றுகிறோம்? கல்லையா? அந்தக் கல்லின் நிழலில் நடந்துகொண்டிருந்த வாழ்க்கையையா? இரண்டுக்கும் சண்டை வந்தால் யார் பக்கம் நிற்பது?

'கல் பக்கம்' என்று சொல்ல நியாயமான காரணம் உண்டு. தையல் மிஷினை நகர்த்தலாம், தூணை நகர்த்த முடியாது. துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மின்கசிவு போதும், 400 வருஷம் ஒரே ராத்திரியில் போய்விடும். சிற்பங்களை மறைத்துக்கொண்டு துணிகள் தொங்கியதையும் பார்த்திருக்கிறோம். மண்டபம் கட்டியது கடை போடுவதற்கல்ல என்பதும் உண்மைதானே!

'வாழ்க்கை பக்கம்' என்று சொல்லவும் காரணம் உண்டு. வருஷத்தில் சில நாட்கள் சாமி வந்து உட்கார்ந்த இடத்துக்கு, மீதி நாளெல்லாம் ஆள் புழக்கம் கொடுத்தது அந்தக் கடைகள்தான். குடியிருக்காத வீடு சீக்கிரம் பாழாகும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் மதுரையின் சரித்திரம் நம்மை அப்படி நழுவ விடாது. அங்கே இடித்தவர்கள், கட்டியவர்கள், பழுது பார்த்தவர்கள் என்று எல்லா ரகத்துக்கும் சாம்பிள் இருக்கிறது.

முதலில் இடித்தவர். நாயக்கர் காலத்து மதுரையைச் சுற்றி ஒரு பெரிய கோட்டையும் அகழியும் இருந்தன. 1830-களில் கலெக்டராக வந்த பிளாக்பர்ன் பார்த்தார். சண்டைக் காலம் முடிந்துவிட்டது. கோட்டை பாழடைந்து கிடக்கிறது, அகழியில் தண்ணீர் நாறுகிறது, ஊர் உள்ளே நெருக்கித் தவிக்கிறது. கோட்டையை இடிக்க முடிவு பண்ணினார். அதற்கு அவர் பிடித்த வழி பிரமாதமானது. 'சுவரை இடித்து அகழியைத் தூர்த்தால் அந்த நிலம் உங்களுக்கே' என்றார். ஜனங்களே கடப்பாரையைத் தூக்கினார்கள். அப்படி உருவானவைதான் வெளி வீதிகள். அவரோடு வேலை பார்த்த மாரட் பெயரில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கோட்டையை இடித்த கலெக்டருக்கு ஊர் என்ன தண்டனை கொடுத்தது தெரியுமா? நன்றிக் கடனாக ஒரு விளக்குத்தூண் வைத்தது. இன்றும் மதுரையில் ஆட்டோவில் ஏறி 'விளக்குத்தூண்' என்றால் கொண்டுபோய் விடுவார்கள்.

ஆகவே, இடிப்பதெல்லாம் பாவம் என்று சொல்ல முடியாது. அந்தச் சுவரால் அன்றைக்கு யாருக்கும் பயன் இல்லை. இடித்ததால் நன்மை அடைந்தவர்கள் அதே ஊர்க்காரர்கள். தெருவில் நிறுத்தப்பட்டவர் என்று யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. இன்றைய கணக்குப்படி பார்த்தால் ஒரு வாசலையும் கொஞ்சம் மதிலையும் இன்னும் கவனமாக விட்டுவைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்து, தாத்தா வீட்டைப் பிரித்த பேரன். திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கும். நீங்கள் பார்த்தது ஏறக்குறைய கால்வாசிதான். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர், தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையின் பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துப் போனார். ரங்க விலாசம் என்ற பகுதியில் மிஞ்சிய பத்துத் தூண்கள் இன்றும் ஒரு சந்துக்குள்ளே, கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. அந்த இடத்துக்குப் பெயரே பத்துத்தூண்.

பேரனைக் குற்றம் சொல்ல முடியுமா? 'என் தாத்தா கட்டியது, நான் பிரிக்கிறேன், உனக்கென்ன?' என்றால் சட்டப்படி பதில் இல்லை. ஆனால் அந்தத் தூண்களை நிறுத்தியது தாத்தாவா? மதுரைச் சீமையின் வரிப்பணமும், பெயர் தெரியாத கொத்தனார்களின் முதுகும்தானே! அதற்கு அப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்கிற ராணுவ கேப்டன் மதுரையைப் படம் பிடித்தபோது அரண்மனை இடிபாடாகக் கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்க வைத்தார். பிறகு அதில் கோர்ட் நடந்தது, 1970 வரை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரத்த சம்பந்தமுள்ள பேரன் பிரித்தார். ஏழு கடல் தாண்டி வந்தவர் பழுது பார்த்தார். இதில் யாரை வாரிசு என்பீர்கள்?

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் கல்யாணம் என்றால், இல்லாதவர்கள் இருக்கிறவர்களிடம் நகையை இரவல் வாங்குவார்கள். அதற்கு எழுதாத சட்டம் உண்டு. தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், நாலு பேர் பார்க்கத்தான் வாங்கினோம். கயிறு நைந்திருந்தால் வேறு கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். உருக்கி வேறு நகை செய்யக்கூடாது. அதே மாதிரி, தொலைந்துவிடுமோ என்று பயந்து பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மணப்பெண்ணை வெறுங்கழுத்தோடு மணையில் உட்கார வைப்பதும் மடத்தனம். கல்யாணம் முடிந்ததும் குன்றிமணி குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒரு ஊரின் பழைய கட்டடங்களை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் அதை முன்னோரிடமிருந்து சொத்தாக வாங்கவில்லை. பின்னால் வரப்போகிறவர்களிடம் இரவலாக வாங்கியிருக்கிறோம். சொக்கநாதர் நகையை உருக்கினார். நேப்பியர் கயிறு மாற்றினார். புது மண்டபத்துக் கடைக்காரர்கள் பல காலம் அதை அணிந்திருந்தார்கள், கொஞ்சம் அஜாக்கிரதையாக. இப்போது நாம் அதை வாங்கித் துடைத்து வைத்திருக்கிறோம். இனிமேல் யாராவது போட்டுக்கொள்வார்களா, இல்லை பெட்டிக்குள்ளேயே இருந்துவிடுமா என்பதுதான் கேள்வி.

பெட்டிக்குள் வைக்காமலும் காப்பாற்றலாம் என்பதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம். ராணி மங்கம்மாள் பெயரில் நிற்கும் அந்த இடத்தில் இன்றும் வழிப்போக்கர்கள் தங்குகிறார்கள். அதே ராணியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனை, பிறகு வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாவாகி, 1959-ல் காந்தி நினைவு அருங்காட்சியகமானது. 1921 செப்டம்பரில் காந்தி மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் மேல்சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறினார். அந்த வீட்டில் இப்போது கதர்க்கடை நடக்கிறது. அவர் துணியைக் குறைத்துக்கொண்ட வீட்டில் துணி வியாபாரம். சிரிப்பாக இருந்தாலும், வீடு நிற்பதற்குக் காரணம் அந்த வியாபாரம்தான்.

சரி, அரண்மனையும் மண்டபமும் அரசாங்கத்தின் பொறுப்பு. சாதாரண வீடு?

மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் இன்னும் சில பழைய வீடுகள் இருக்கின்றன. தெருவில் இறங்கும் திண்ணை, தேக்குத் தூண், நடுவே வானம் தெரிகிற முற்றம். நாம் போட்டோ எடுத்து 'ஆஹா' என்கிறோம். உள்ளே போய்ப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகும். உத்தரத்தில் கரையான். நாலு அண்ணன் தம்பிகள், நாலு பேருக்கும் பங்கு, ஒருவர் வீட்டில் கல்யாண வயதில் பெண். சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. பில்டர் வந்து கோடி என்கிறார். அந்த மனுஷரிடம் போய் 'பாரம்பரியம் சார், இடிக்காதீங்க' என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் என்ன உரிமை?

'அப்ப ரிப்பேர் செலவை நீங்க குடுங்க' என்று அவர் கேட்டால் நாம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவோம். ரசிப்பது நாம், செலவு அவருக்கு. இது நியாயம் இல்லை. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கென்று 2012-ல் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் பல வருஷம் ஆணையம் இல்லாமலே ஓடியது. இடிக்காதே என்று சொல்லும் அரசாங்கம், வரியைக் குறைத்தோ, பழுது பார்க்கப் பணம் கொடுத்தோ, வேலை தெரிந்த கொத்தனாரை அனுப்பியோ கை கொடுத்தால்தான் அந்தச் சொல்லுக்கு மரியாதை. இல்லாவிட்டால் அடுத்தவன் காசில் செய்கிற தர்மம்தான் அது.

இந்த இடத்தில் மதுரையை விட்டுக் கொஞ்சம் வெளியே போக வேண்டியிருக்கிறது. தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர், கீழடி. 2015-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். கி.மு. 6-ம் நூற்றாண்டு வரை போகிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் சொன்னபோது நாம் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். 2023-ல் அங்கே அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறோம். எதை? வைரமும் சிம்மாசனமுமா? செங்கல் சுவர், உறைகிணறு, நூல் நூற்ற தக்களி, விளையாடிய தாயக்கட்டை, 'ஆதன்' என்று பெயர் கீறிய பானை ஓடு. ஏதோ ஒரு ஆதன், தன் பானை தொலைந்துவிடக்கூடாது என்று பெயர் எழுதி வைத்தவர். அந்த ஓட்டின் முன்னே நிற்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

சாதாரண ஆள் ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை ஏக்கம். 2,600 வருஷத்துக்கு முந்தைய தக்களிக்குக் கண்ணாடிப் பெட்டி வைக்கிறோம். அதே வைகைக் கரையில், அதே நூலும் துணியுமாக நேற்றுவரை உட்கார்ந்திருந்த தையல்காரரை 'ஆக்கிரமிப்பு' என்ற ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுகிறோம். இன்னும் ஆயிரம் வருஷம் கழித்து நம்மைத் தோண்டுகிறவர்கள் ஒருவேளை அந்த ஊசியையும் கத்திரிக்கோலையும்தான் தேடுவார்கள்!

ஜப்பானில் இசே என்று ஒரு கோயில். 1,300 வருஷத்துக்கு மேல் பழமையான வழிபாட்டு இடம். ஆனால் அங்கே நிற்கும் மரக் கட்டடத்துக்கு வயது 20-ஐத் தாண்டாது. இடையில் போர்க்காலத்தில் தடைபட்டது தவிர, 20 வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிதாகக் கட்டிவிட்டுப் பழசைப் பிரித்துவிடுகிறார்கள். கடைசியாக 2013-ல் கட்டினார்கள். அவர்கள் காப்பாற்றுவது மரத்தை இல்லை. அந்த மரத்தை இழைக்கத் தெரிந்த கையை. நமக்கு இது அப்படியே ஒத்துவராது, நம்முடையது கல். ஆனாலும் வீர வசந்தராயர் மண்டபத்தைத் திரும்ப நிறுத்த வேண்டி வந்தபோது நமக்கும் தேவைப்பட்டது கல் செதுக்கத் தெரிந்த கைதானே?

எதிர்ப்பக்கத்து உதாரணம் பினாங்கு. ஜார்ஜ் டவுனில் நம்மவர்கள் கடை வைத்திருக்கும் லிட்டில் இந்தியாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், தெருத் தெருவாக அழகான பழைய கடைவீடுகள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ல் முடிவுக்கு வந்ததும், தலைமுறையாக மாடியில் குடியிருந்த குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறின. 2008-ல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தது. சுவர்கள் காப்பாற்றப்பட்டன. பல வீடுகள் ஹோட்டலாகவும் காபிக் கடையாகவும் ஆகிவிட்டன. அழகாகத்தான் இருக்கிறது, குடியிருந்தவர்கள்தான் இல்லை.

இப்போது மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்கு வாருங்கள். மலைகளும் கண்மாய்களும் உள்ள கிராமம். பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு எல்லாம் உண்டு. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அப்படி அறிவித்த இடத்தையும் சேர்த்து, 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். போர்டு வைத்துப் பாதுகாத்த லட்சணம்! பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சுற்றியிருந்த கிராமத்து ஜனங்கள் திரண்டார்கள், மதுரை வரைக்கும் ஊர்வலமாக வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த மலையைக் காப்பாற்றியவர்கள் அங்கே ஆடு மேய்த்தவர்கள், அந்த மலைத் தண்ணீரில் விவசாயம் பண்ணியவர்கள், அங்கே சாமி கும்பிட்டவர்கள். மலையிடம் அவர்களுக்கு வேலை இருந்தது. அதனால் மலைக்கு ஒன்று என்றால் ஓடிவந்தார்கள். புது மண்டபத்திலிருந்து கடைகள் போனது சரி என்று வைத்துக்கொண்டாலும் எனக்குள்ள பயம் இதுதான். நாளைக்கு அந்த மண்டபத்துக்கு ஒரு ஆபத்து என்றால், 'எங்க இடம்' என்று ஓடிவர யார் இருப்பார்கள்? டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டுப் போகிறவர் வருவாரா?

என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தீயைப் பார்த்த பிறகு கடைகளை நகர்த்தியது தப்பில்லை. கடைக்காரருக்கும் அது இரவல்தான். திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. ஆனால் நகர்த்தியதோடு கடமை முடிந்துவிடவில்லை. புது இடத்தில் அவர் தொழில் நடக்கிறதா, வாடகை கட்டுப்படியாகிறதா, அழகர் வேஷத்துக்கு அளவெடுக்க ஜனங்கள் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பதும் பாரம்பரியப் பாதுகாப்பில் சேர்த்திதான். மண்டபத்துக்கும் வேலை கொடுக்க வேண்டும். வசந்த விழா தவறாமல் நடக்கட்டும். மற்ற நாட்களில் தீப்பிடிக்காத ஏதாவது நடக்கட்டும். பாட்டோ, சொற்பொழிவோ, வெயிலுக்கு ஒதுங்குகிற கிராமத்துக் குடும்பங்கள் கட்டுச்சோறு பிரிப்பதோ, எதுவாக இருந்தாலும் சரி.

உங்கள் ஊரிலும் ஒரு புது மண்டபம் இருக்கும். கோயிலாக இருக்க வேண்டியதில்லை. மதுரையில் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு திறந்த தங்கம் தியேட்டரை, ஆசியாவிலேயே பெரிசு என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டோம். இடித்தபோது பெருமூச்சு விட்டதோடு சரி. அந்த இடத்தில் இன்றைக்கு ஜவுளிக்கடை. உங்கள் ஊரில் அது ஒரு சத்திரமாக, குளமாக, ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடமாக இருக்கலாம். அதை இடிக்கப் போகிறார்கள் என்றோ, காப்பாற்றப் போகிறார்கள் என்றோ செய்தி வந்தால், இரண்டுக்கும் ஒரே மாதிரி இரண்டு கேள்வி கேளுங்கள். போனால் திரும்பக் கிடைக்குமா? இதற்கான விலையைக் கொடுக்கப் போவது யார்?

முதல் கேள்விக்கு 'கிடைக்காது' என்று பதில் வந்தால் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டாவது கேள்விக்கு 'அங்கே இருக்கிற ஏழைதான்' என்று பதில் வந்தால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.